நாற்காலியிலிருந்து பார்த்தவர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாசம் போன் பண்ணி, "ஒரு கால் மணி நேரம் பேசணும் தம்பி"ன்னார். எதைப் பத்தின்னு கேட்டேன். "தொழிலைப் பத்தி வேண்டாம். போன வருஷம் பேசினவர் பாய்லர் பத்தி முக்கால் மணி நேரம் பேசிட்டார், பிரியாணி ஆறிப்போச்சு. உன் பேர் போட்ட கோப்பை ஒண்ணு கண்ணாடி அலமாரியில இருக்கே, அந்த விளையாட்டைப் பத்திப் பேசு"ன்னார். சரின்னு சொல்லிட்டுப் போனை வச்சதுக்கு அப்புறம் ரெண்டு நாள் எனக்குச் சரியாத் தூக்கம் வரலை. காரணத்தைப் பின்னால சொல்றேன்.

விளையாட்டு ஸ்நூக்கர். பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம் உள்ள மேஜை. மேலே பச்சைத் துணி, அதுக்குக் கீழே மரம் இல்லை, ஸ்லேட் கல். அதனாலதான் அந்த மேஜையைத் தூக்க ஒரு ஊரே வரணும். 15 சிவப்புப் பந்து, ஆறு வண்ணப் பந்து, அடிக்கிறதுக்கு ஒரு வெள்ளை. சிவப்புக்கு 1, அப்புறம் மஞ்சள் 2 முதல் கருப்பு 7 வரை. ஒரு சிவப்பு, ஒரு வண்ணம், மறுபடி ஒரு சிவப்புன்னு மாத்தி மாத்திப் போடணும். சிவப்பெல்லாம் தீர்ந்ததும் வண்ணங்களை வரிசைப்படி போட வேண்டியது. எல்லாச் சிவப்போடும் கருப்பையே சேர்த்துப் போட்டு மேஜையைக் காலி பண்ணினா 147. விதி இவ்வளவுதான்னு வச்சுக்குங்க. மீதியை விளையாடித்தான் தெரிஞ்சுக்கணும்.

இது ஏதோ இங்கிலாந்து சமாசாரம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். பிறந்தது நம்ம நாட்டில். 1875-இல் ஜபல்பூர் ராணுவ முகாமில், மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்த நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஒரு ஆட்டத்தில் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) 1880-களில் அவர் நம்ம ஊட்டிக்கு வந்தபோது, உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகளுக்கு ஒழுங்கான உருவம் கிடைத்தது. 'ஸ்நூக்கர்' என்பது அந்தக் கால ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனுக்குப் பட்டப்பெயர். ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம். சுலபமான பந்தை ஒருத்தர் தவறவிட்டதும் சேம்பர்லின் அவரை அப்படிக் கூப்பிட்டாராம். முன்வரிசையில இருக்கிற முதலாண்டுத் தம்பிகள் கோவிச்சுக்க வேண்டாம். உங்க பேரில் ஒரு உலக விளையாட்டே இருக்கு.

நான் கத்துக்கிட்டது ரயில்வே கேட் தாண்டி, மாடியில் இருந்த ஒரு பார்லரில். ரெண்டு மேஜை. ஒன்றில் துணி கிழிஞ்சு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். நாலு பேர் காசு சேர்த்து ஒரு மணி நேரம் எடுப்போம். அங்கே மார்க்கராக ஒரு பெரியவர் இருந்தார். பந்து அடுக்கி, ஸ்கோர் எழுதி, துணியைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறவர். வாலிபத்தில் நீலகிரியில் ஒரு கிளப்பில் வேலை பார்த்தவர். எங்களுக்குப் பாடமெல்லாம் எடுக்க மாட்டார். நாம ஒரு பந்தை விட்டுட்டு 'ச்சே'ன்னு தலையில் அடிச்சுக்கிட்டா மட்டும், "தம்பி, அடிச்சாச்சுல்ல? போய் உக்காரு" என்பார். அவ்வளவுதான் அவர் கோச்சிங்.

அந்த 'போய் உக்காரு' எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியலை.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் கையை விட்ட பந்து அரை விநாடிக்குள் வந்துவிடும். யோசிக்கவே நேரமில்லை, உடம்பு பார்த்துக்கும். ஸ்நூக்கரில் பந்து அசையாமல் நிக்குது. அடிப்பதற்கு முன் எவ்வளவு நேரம் வேணும்னாலும் யோசிக்கலாம். வினையே அங்கேதான். பொறியியல் படிச்சவங்க நிறைய இருக்கீங்க, ஒரு சின்னக் கணக்குச் சொல்றேன். பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். வெள்ளைப் பந்து சிவப்பைத் தொட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், சிவப்பு போகிற திசை ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே மாறும். ஒரு மீட்டர் போறதுக்குள்ளே அது 19 மில்லிமீட்டர் ஆயிடும். பாக்கெட்டின் வாய் சுமார் மூன்றரை அங்குலம். பந்தின் அகலத்தைக் கழித்தால் இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 18 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதாவது ஒரு மில்லிமீட்டர் தப்பினா பந்து வெளியே. நான் இப்போ பம்ப், மோட்டார் ஷாஃப்டுகளை டயல் கேஜ் வச்சு நேர்ப்படுத்துற வேலை பார்க்கிறேன். அங்கே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூடப் பிடிக்கலாம். ஆனா ஷாஃப்டுக்குப் பயம் கிடையாது. கைக்கு உண்டு.

இந்தக் கை நடுக்கத்துக்குப் பெரிய பெரிய ஆட்களே என்னென்னவோ பண்ணியிருக்காங்க. கனடாக்காரர் பில் வெர்பெனியுக் என்பவருக்குப் பரம்பரையா வந்த நடுக்கம். அதை அடக்க ஆட்டத்துக்கு முன்னாலேயும் ஆட்டத்தின்போதும் பல கோப்பை பீர் குடிப்பார். தம்பிகளே, அதோட முடியலை. அதன் விளைவைச் சமாளிக்க இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் போட வேண்டி வந்து, அந்த மாத்திரைக்குத் தடை வந்ததும் அவர் ஆட்டம் படுத்துப் போச்சு. ஏழு முறை உலக சாம்பியனான ஸ்டீஃபன் ஹெண்ட்ரிக்கு வேற மாதிரி வியாதி. 2000-க்குப் பிறகு, கியூவை முன்னால தள்ளுற அந்தக் கடைசி நொடியில் கை இறுகிப்போகும் என்று அவரே சொல்லியிருக்கிறார். கண்ணிலோ தசையிலோ ஒரு கோளாறும் இல்லை. 2012 உலகப் போட்டியில் ஒரு 147 கூட அடிச்சார். அதே போட்டியோடு ஓய்வும் பெற்றார். திறமை எங்கேயும் போகலை, அதைக் கூப்பிட்டா வரலை.

ஆனா கை நடுக்கத்தை விடப் பெரிய சோதனை நாற்காலிதான்னு நான் நினைக்கிறேன். வேறெந்த விளையாட்டில் எதிராளி ஆடும்போது நீங்க ஓரமா உட்கார்ந்து தண்ணி குடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கணும்? டென்னிஸில் ஓடலாம், குத்துச்சண்டையில் கையை மறைச்சுக்கலாம். இங்கே அவர் விடுற வரைக்கும் நீங்க ஆட்டத்திலேயே இல்லை. நம்ம கீத் சேத்தி 1989 தேசியப் போட்டியில் 147 அடிச்சார். முப்பத்தாறு பந்து தொடர்ச்சியா. 1992-இல் உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸில் ஒரே மூச்சில் 1276 புள்ளி எடுத்தார். எல்லோரும் அவரைத்தான் கொண்டாடினாங்க, நியாயம்தான். நான் அந்த நேரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷனைத்தான் நினைச்சுப் பார்க்கிறேன்.

ஜிம்மி ஒயிட் என்று ஒரு இங்கிலாந்துக்காரர். பார்க்க அவ்வளவு அழகான ஆட்டம். உலக இறுதிப் போட்டியில் ஆறு தடவை ஆடி ஆறிலும் தோற்றவர். 1992-இல் ஹெண்ட்ரியை எதிர்த்து 14-8 என்று முன்னணியில் இருந்தார். ஜெயிக்க இன்னும் நாலு ஃபிரேம்தான் வேணும். ஹெண்ட்ரி வரிசையாகப் பத்து ஃபிரேம் எடுத்து 18-14 என்று முடிச்சுட்டார். 1994-இல் 17-17, கடைசி ஃபிரேம், ஒயிட்டுக்கு அன்னைக்கு 32-வது பிறந்தநாள். நல்லா ஆடிக்கிட்டே வந்து, கருப்பை அதன் புள்ளியிலிருந்து போட வேண்டிய, தூக்கத்தில்கூடப் போடக்கூடிய ஒரு பந்தை விட்டார். விட்டுட்டுப் போய் உட்கார்ந்தார். மறுபடி எழுந்திருக்க வேலையே இல்லை.

இன்னொரு ராத்திரி. 1985 ஏப்ரல், ஷெஃபீல்டு நகரம், உலக இறுதிப் போட்டி. ஸ்டீவ் டேவிஸ் அப்போ உலகின் முதல் ஆட்டக்காரர். டென்னிஸ் டெய்லரை எதிர்த்து 8-0 என்று போயிட்டார். டெய்லர் ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துக் கடைசியில் 17-17 ஆக்கினார். கடைசி ஃபிரேம் மட்டும் 68 நிமிஷம். டேவிஸ் 62, டெய்லர் 44. மேஜையில் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கருப்பு. நாலையும் டெய்லர் போட்டாத்தான் வெற்றி. மூணைப் போட்டுட்டார். கருப்பு ஒண்ணு மிச்சம், அதைப் போடுறவருக்கு உலகப் பட்டம். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி விட்டாங்க. நள்ளிரவு தாண்டியாச்சு, பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் தூங்காமல் பார்த்துக்கிட்டிருந்தாங்க. டேவிஸுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கொஞ்சம் அதிகமா வெட்டிட்டார், பந்து உள்ளே போகலை. டெய்லர் போட்டார். அந்தப் போட்டி முழுக்க டெய்லர் முன்னணியில் இருந்தது அந்தக் கடைசிப் பந்துக்கு அப்புறம் மட்டும்தான். டேவிஸ் அடுத்த வருஷ இறுதியிலும் தோற்றார். அதுக்கப்புறம் 1987, 88, 89 என்று மூன்று தடவை தொடர்ந்து ஜெயிச்சார். அந்த ஒரு கருப்புப் பந்தோடு அவர் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பது எனக்கு 147-ஐ விடப் பெரிய ஆச்சரியம்.

நம்மவர்களையும் சொல்லணும். வில்சன் ஜோன்ஸ் 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் ஜெயிச்சார். சுதந்திர இந்தியாவில் தனிநபர் விளையாட்டில் உலக சாம்பியன் ஆன முதல் ஆள் அவர்தான். அதுக்கு முன்னால அதே போட்டியில் தோற்று வந்தவர். 1964-இல் மறுபடியும் ஜெயிச்சார். பெங்களூரின் பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் ரெண்டிலும் சேர்த்து 2024 வரை 28 உலகப் பட்டம். 2025-இல் நம்ம சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன், தோஹாவில் நடந்த உலக மகளிர் ஸ்நூக்கரில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்று தோற்கடிச்சுப் பட்டம் வாங்கினாங்க. கடைசி ஃபிரேம் வரை போன ஆட்டம். பார்லர்னாலே பொறுக்கிப் பசங்க போற இடம்னு எங்க அப்பா திட்டின காலத்தில் இந்தச் செய்தி வந்திருந்தா எனக்கு எவ்வளவு உதவியா இருந்திருக்கும்!

சரி, நான் தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றேன். கோப்பைக்கு வர்றேன்.

நூலகத்துக்கு வெளியே கண்ணாடி அலமாரி, ரெண்டாவது தட்டு, இடது ஓரம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, 2009. கீழே என் பேர்.

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கியூவின் நுனி தவிர உங்க கை, சட்டை, எது பந்தில் பட்டாலும் ஃபவுல். நடுவர் பார்க்கலைன்னா ஆடுறவரே கையைத் தூக்கிச் சொல்லிடணும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பட்டத்துக்கு ஆடும்போதுகூட அப்படித்தான். சொல்றவங்களை யாரும் பாராட்டுறதுகூட இல்லை, அது அவ்வளவு சாதாரணம்.

இறுதிப் போட்டி, கடைசி ஃபிரேம். அவர் 52, நான் 41. மேஜையில் நீலம், இளஞ்சிவப்பு, கருப்பு. மொத்தம் 18. மூணையும் போட்டா நான் 59. நீலம் நேரா நின்னுச்சு. ஆனா வெள்ளைப் பந்துக்கு ஒரு சாண் பின்னால கருப்பு இருந்தது. அதன் தலைக்கு மேல விரல்களைக் கூம்பு மாதிரி ஊன்றி, எக்கி நின்னு அடிக்கணும். முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். கியூவைப் பின்னால இழுக்கும்போது சட்டைக்கை பட்டன் கருப்பில் பட்டது. பந்து நகர்ந்ததான்னுகூடச் சொல்ல முடியாது, லேசா ஆடி நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்சது. நடுவர் மேஜைக்கு அந்தப் பக்கம், என் தோள் மறைச்சிருந்தது.

அங்கே நான் நிமிர்ந்திருக்கணும். சொல்லியிருந்தா அவருக்கு 7 புள்ளி, ஆட்டமும் அவர் கைக்கு. அநேகமாத் தோல்வி. நான் நிமிரலை. அடிச்சேன், நீலம் விழுந்தது. கைத்தட்டல்.

அடுத்தது இளஞ்சிவப்பு. ரொம்பச் சுலபம், பாக்கெட்டுக்கு முக்கால் அடி. குனிஞ்சு பார்க்கிறேன், எனக்குப் பந்து தெரியலை, பட்டன்தான் தெரியுது. 'இப்பவாவது சொல்லலாமா, இப்போ சொன்னா முன்னாடியே ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களே'ன்னு ஒரு பக்கம் ஓடுது. கை இன்னொரு பக்கம் ஓடுது. விட்டேன். போய் உட்கார்ந்தேன். தலையைத் தூக்கவே இல்லை.

இப்போ அவருக்கு அந்த இளஞ்சிவப்பு போதும், ஆட்டம் முடிஞ்சது. நான் விட்டதை விடச் சுலபமான இடத்தில் இருக்கு. அவரும் விட்டார்! மண்டபமே 'ஐயோ'ன்னுச்சு. நான் எழுந்து இளஞ்சிவப்பைப் போட்டேன், 52-52. கருப்பையும் போட்டேன். தோள்ல தூக்கிக்கிட்டு ஹாஸ்டல் வரைக்கும் வந்தாங்க. அந்தக் கூட்டத்தில் இருந்த மூணு பேர் இப்போ இந்த அரங்கத்தில் இருக்கீங்க.

அதுக்கப்புறம் நான் போட்டி ஆடலை. பார்லருக்குப் போவேன், குனிவேன், கை இறுகிடும். படிப்புச் சுமைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். மார்க்கர் பெரியவர் மட்டும் ஒரு நாள், "என்ன தம்பி, கோப்பை வாங்கின ஆளு கோலைப் பாம்பு மாதிரி பிடிக்கிறீங்க?"ன்னார். ஹெண்ட்ரியின் கதையைப் படிச்சபோது எனக்கும் அதே வியாதின்னு கொஞ்ச நாள் பெருமையாக்கூட நினைச்சுக்கிட்டேன். அவருக்கு வந்தது காரணம் தெரியாத வியாதி. என் காரணம் எனக்குத் தெரியும்.

மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு சர்க்கரை ஆலையில் பம்ப் மாத்துற வேலை. சப்ளை கம்பெனி சார்பில் ஒருத்தர் வந்திருந்தார். ரெண்டு நாள் சேர்ந்து வேலை பார்த்த பிறகு, டீக்கடையில் கேட்டார்: "சார், நீங்க ஸ்நூக்கர் ஆடுவீங்கல்ல? 2009 ஃபைனல்?" அவரேதான். கொஞ்சம் தொப்பை, கண்ணாடி, எனக்கு அடையாளம் தெரியலை. அவருக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு.

எனக்கு டீ இறங்கலை. பதினாலு வருஷம் கழிச்சு அங்கேயே சொல்லிட்டேன். "சார், அன்னைக்கு நீலம் அடிக்கும்போது என் சட்டைக்கை கருப்புல பட்டுச்சு."

"தெரியும் சார்"ன்னார். "நான் உக்காந்திருந்த நாற்காலி அந்தப் பக்கம்தானே. பட்டனே தெரிஞ்சது."

"ஏன் சார் சொல்லலை?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க பிங்க் அடிக்கக் குனிஞ்சப்பகூட, இப்ப நிமிர்ந்து சொல்லிடுவார்னு நினைச்சேன். அப்புறம் என் சான்ஸ் வந்தப்ப, ஏன் இவர் சொல்லலைங்கற யோசனையிலேயே அடிச்சேன். போயிடுச்சு."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியலை. நான் இத்தனை வருஷமா அந்தத் தப்பை ஏழு புள்ளிக் கணக்காத்தான் வச்சிருந்தேன். நான் மறைச்சது அவர் தலைக்குள்ளே போய் உக்காந்து, அவர் கையையும் கெடுத்திருக்கு என்பது அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

அப்பவே எழுதிக் கொடுத்திருக்கணும். மூணு வருஷம் அதையும் தள்ளிப் போட்டேன். நேற்று மாலைதான் முதல்வர் ஐயாவிடம் கடிதம் கொடுத்தேன், அந்தக் கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்துவிடும்படி. ஐயா படிச்சுட்டு, "யாரும் கேக்கலையேப்பா"ன்னார். பிறகு, கோப்பை கல்லூரிக்கு வந்தது, சங்கத்திலும் கலந்து பேசித்தான் முடிவு பண்ணணும்னு சொன்னார். அதனாலதான் உங்க எல்லார் முன்னாலேயும் சொல்றேன். தூக்கிச் சுமந்த நண்பர்கள் மூணு பேரும் மன்னிக்கணும்.

அவர்கிட்ட போன் பண்ணி, கோப்பையை உங்களுக்கு அனுப்பவான்னு கேட்டேன். "அய்யோ வேண்டாம் சார், வீட்ல வைக்க இடமில்லை, பையனோட சாமானே நிறைஞ்சு கிடக்கு"ன்னார். அடுத்த மாசம் கோயம்புத்தூரில் ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு. ஒரு பார்லரில் சாயங்காலம் மேஜை சொல்லி வச்சிருக்கோம். போனை வைக்கிறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொன்னார், "அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வாங்க."

பிரியாணி ஆறக் கூடாது, அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார்.